ஜன்னலில் ஒட்டும் காவல்

நேயர்களுக்கு வணக்கம்.

உறையூரில் என் அக்கா தனியாக இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். தெருவைப் பார்த்த அறையில், ஜன்னலோரமாகக் கட்டில். கோடையில் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால் திருச்சிப் புழுக்கத்தில் மூச்சு முட்டும். அதனால் ராத்திரி முழுக்கத் திறந்தே இருக்கும். கம்பி இருக்கிறதே, என்ன பயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் பின்னிரவில் யாரோ கம்பிக்கு நடுவே துரட்டி மாதிரி ஒரு கழியை விட்டு, மேசைமேல் இருந்த கைப்பையை இழுத்து எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே கொஞ்சம் பணமும் செல்போனும். அக்காவுக்குக் காலையில்தான் தெரிந்தது. நான் போய் நின்றபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, போனது போகட்டும்டா. நான் தூங்கிட்டிருக்கேன், என் தலைக்கு ஒரு முழம் தள்ளி ஒருத்தன் கை வந்திருக்கு. இனி இந்த ரூம்ல எப்படிக் கண்ணை மூடுவேன்?"

முப்பது வருடம் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மின்னணுவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஜன்னலில் ஒட்டும் அலாரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக அக்கறையோடு கையில் எடுத்துப் பார்த்தேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். ஒயர் இழுக்க வேண்டாம், சுவரைத் துளைக்க வேண்டாம்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் இரண்டு துண்டுகள் இருக்கும். பெரிய துண்டில் பேட்டரியும் ஒலிப்பானும். சின்னத் துண்டில் வெறும் காந்தம். பெரியதை ஜன்னல் சட்டத்திலும் சின்னதைக் கதவிலும், சாத்தியிருக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி ஒட்ட வேண்டும். பெரிய துண்டைப் பிரித்தால் நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று தெரியும். அதற்குள் மயிரிழை இடைவெளியில் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகில் இருக்கும்வரை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், விலகினால் பிரிந்துவிடும். அந்தப் பிரிவுதான் அலாரத்தைக் கத்த வைக்கிறது. இதற்கு ரீட் ஸ்விட்ச் என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எல்வுட் என்பவர் 1936-ல் உருவாக்கியது. ஜன்னல் திறந்தால் மணி அடிக்க வேண்டும் என்ற யோசனை அதைவிடப் பழையது. 1853-லேயே அகஸ்டஸ் போப் என்ற அமெரிக்கர் கதவையும் ஜன்னலையும் மின்சுற்றில் இணைத்து மணி அடிக்கவைத்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருக்கிறார்.

இரண்டாவது வகை அதிர்வு அலாரம். இது ஒரே துண்டு. உள்ளே மெல்லிய சுருள் கம்பி, அதன் நடுவே ஒரு ஊசி. ஆட்டினால் சுருள் போய் ஊசியைத் தொடும், உடனே சத்தம். கண்ணாடியில் ஒட்டலாம், கிரில்லிலும் ஒட்டலாம்.

நான் முதலில் வாங்கிப் போனது காந்த வகை. ஒட்டி முடித்துக் கையைத் துடைத்தபோதுதான் உறைத்தது, அக்கா ஜன்னலைச் சாத்துவதே இல்லையே! ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குகிற ஊர்களுக்காகச் செய்த பொருள் அது. அங்கே திருடன் முதலில் ஜன்னலைத் திறந்தாக வேண்டும். நம் ஊரில் ஜன்னல் திறந்திருக்கும், கம்பிதான் தடுப்பு. கம்பியை வளைப்பார்கள், கிரில் திருகாணியைக் கழற்றுவார்கள், இல்லாவிட்டால் கழியை விடுவார்கள். இதில் எதற்குமே காந்த அலாரம் வாய் திறக்காது. கதவு அசையாமல் கண்ணாடியை மட்டும் உடைத்தாலும் அது சும்மாதான் இருக்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: அலாரம் வாங்குமுன் உங்கள் ஜன்னல் ராத்திரியில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். திறந்தே இருக்குமானால் கிரில்லில் அதிர்வு அலாரம் ஒட்டுங்கள். அடுக்குமாடி வீடுகளில் உள்ள அலுமினிய நகரும் ஜன்னலுக்குக் காந்த வகை நன்றாகப் பொருந்தும். காற்றுக்காக நாலு விரல் திறந்து வைக்கிறவர்கள், அந்த அளவு திறந்த நிலையில் இரண்டு துண்டும் நேருக்கு நேர் வருகிற மாதிரி இன்னொரு காந்தத்தை ஒட்டிக்கொள்ளலாம். அதற்குமேல் ஒரு விரற்கடை நகர்த்தினாலும் கத்தும். ஆனால் கழி விட்டுப் பொருளை இழுப்பதை இரண்டு வகையுமே நம்பகமாகப் பிடிக்காது. கழி கம்பியில் படாமலே உள்ளே வந்துவிடும். அதற்கு ஒரே வழி, கை எட்டும் தூரத்தில், கழி எட்டும் தூரத்தில் எதையும் வைக்காமல் இருப்பது. அக்காவின் மேசையை அன்றைக்கே எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம்.

ஒட்டுவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டினால் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். எண்ணெய்ப் பெயின்ட் அடித்த மரம், அலுமினியம், கண்ணாடி இவற்றில் நன்றாகப் பிடிக்கும். முதலில் தூசியைத் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் ஒட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால் சித்திரை வெயிலில் பசை இளகி நழுவும். திருகாணி போட ஓட்டை இருக்கிற மாதிரி பார்த்து வாங்குவது நல்லது. இரும்பு ஜன்னலில் காந்தத்தை நேரடியாக வைத்தால் அதன் விசையை இரும்பு இழுத்துக்கொள்ளும், நடுவில் ஒரு மரத்துண்டு கொடுங்கள். வெளியிலிருந்து கம்பிக்குள் கை விட்டு அணைக்க முடியாத உயரத்தில் இருக்கட்டும்.

அப்புறம், கொக்கி தளர்ந்த மரக் கதவு. ஆடிக் காற்றில் அது தடதடவென்று ஆடும்போதெல்லாம் அலாரம் அலறும். நாலு ராத்திரி அப்படி அலறினால் ஐந்தாம் நாள் நாமே அணைத்துவிடுவோம், பக்கத்து வீட்டிலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். புலி வருது கதைதான். முதலில் கொக்கியைச் சரிசெய்யுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அலாரங்கள் பலவற்றில் இருப்பது பொத்தான் மாதிரியான பேட்டரிகள். பழைய பேட்டரியைக் கழற்றி ஜன்னல் திட்டிலேயே வைத்துவிடுகிறோம். குழந்தை அதை வாயில் போட்டு விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையாக வெந்துபோகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காத்திருந்து பார்ப்போம் என்று நினைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடுகிற மாதிரி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஆளில்லாத வீட்டுக்கு இது போதுமா என்று கேட்கிறார்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் சத்தத்துக்கு என்ன வேலை? வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இருக்கும்போது அலாரம் அடித்தால் வெளியே ஓடி ஆளைப் பிடிக்க முயலாதீர்கள். விளக்கைப் போட்டு, உள்ளிருந்தே சத்தம் கொடுத்து, 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

அக்கா வீட்டில் அதிர்வு அலாரத்தைக் கிரில்லில் மாட்டிய அன்று, பட்டப்பகலில் கம்பியை ஒரு உலுக்கு உலுக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னக்கா, என்னாச்சு?" விவரம் சொன்னோம். "ராத்திரி இந்தச் சத்தம் கேட்டா நாங்க மாடி லைட்டைப் போட்டுக் குரல் கொடுக்கறோம்" என்றார். எதிர் வீட்டிலும் சொல்லி வைத்தோம். எனக்கு நிம்மதி வந்தது அலாரத்தால் இல்லை, அந்தக் கரண்டியைப் பார்த்த பிறகுதான்.

இப்போது அக்கா தினமும் படுக்கப் போகும்போது ஸ்டூலில் ஏறாமல், ஒரு சின்னக் கைப்பிடிக் குச்சியால் உயரத்தில் இருக்கும் அலாரத்தின் ஸ்விட்சைத் தள்ளுகிறார். மாதம் பிறந்தால் கம்பியை ஒரு தட்டு தட்டிச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். போன வாரம் போன் செய்தார். "சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்குடா, பேட்டரி வாங்கிட்டு வா" என்றார். ஜன்னல் திறந்துதான் இருக்கிறதா என்று கேட்டேன். "பின்னே? காத்து வேண்டாமா?" என்றார்.

நன்றி, வணக்கம்.