தூசு வட்டின் இரு பருவங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கம்பனைக் கேட்டுப் பழகிய காரைக்குடி அவையின்முன், இளம் விண்மீன்களைச் சூழ்ந்திருக்கும் தூசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

விண்மீன் பிறக்கும்போது, சுருங்கும் முகிலின் ஒரு பகுதி தன் சுழற்சியால் உள்ளே விழாமல், அதைச் சுற்றித் தட்டையான வட்டாகப் பரவுகிறது. அதன் நிறையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் தூசு. மற்றவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். நாம் நிற்கும் இம்மண் அந்த ஒரு பங்கிலிருந்து வந்தது.

தூசு ஒட்டி ஒட்டிக் கல்லாக வளரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வாயுவைத் தன் அழுத்தமே ஓரளவு தாங்குவதால், அது கற்களைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. கற்களுக்கு அது எதிர்காற்றாகிறது. வேகமிழந்த கற்கள் விண்மீனை நோக்கிச் சரிகின்றன. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில், ஒரு மீட்டர் அளவுள்ள கல் சில நூறு ஆண்டுகளில் உள்ளே போய்விடும் என்கிறது கணக்கு. அப்படியானால் கோள்கள் பிறந்தது எப்படி? இத்துறையில் இதைவிடச் சுவையான கேள்வியை நான் அறியேன். வாயு அழுத்தம் மிகுந்த வளையங்கள் வட்டில் அமைந்தால், வரத்துக்கால் வழியே ஓடிவரும் மழைநீர் நம் ஊருணியில் தங்குவதுபோல, சரியும் தூசு அங்கே தங்கித் திரளும் என்பது விடையின் ஒரு பகுதி.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள அல்மா தொலைநோக்கிகள், சுமார் 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீனைச் சுற்றி இத்தகைய வளையங்களை 2014இல் படம்பிடித்தன. வளையங்களுக்கிடையே உள்ள ஒவ்வோர் இருண்ட வெளியிலும் கோள் இருக்கிறதென்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது, ஆயினும் பி.டி.எஸ். 70 என்னும் விண்மீனின் வட்டிடைவெளியில் 2018, 2019 ஆண்டுகளில் இரண்டு கோள்களே கண்டறியப்பட்டன.

சில பத்து லட்சம் ஆண்டுகளில், மிஞ்சினால் ஒரு கோடி ஆண்டுகளில், வாயு பெரும்பாலும் அகன்றுவிடுகிறது. அதன்பின் நுண்தூசு நிலைக்க வழியில்லை. விண்மீனின் ஒளியே அதை வெளியே தள்ளிவிடும். ஆனால் 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள், முதிர்ந்த விண்மீனான வேகாவைச் சுற்றித் தூசின் வெப்பத்தைக் கண்டது; மறு ஆண்டே பீட்டா பிக்டோரிஸின் வட்டு படமாகக் கிடைத்தது. அதன் வயதோ ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு. எனவே அது பிறவித் தூசு அன்று. முன்பே திரண்ட சிறுகோள்களும் வால்மீன்களும் மோதிச் சிதறியும் ஆவியாகியும் மீண்டும் மீண்டும் பிறக்கும் தூசு. முதற்பருவத்தில் தூசிலிருந்து கல். இரண்டாம் பருவத்தில் கல்லிலிருந்து தூசு.

நம் சூரியனுக்கும் இன்று இத்தகைய மெல்லிய தூசு உண்டு. மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டிய நாட்களில், பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, விளக்கொளி படாத கண்மாய்க்கரையில் நின்று மேற்கே பாருங்கள். அடிவானிலிருந்து கூம்பாக எழும் மங்கிய வெளிச்சம், அத்தூசில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி.