இளவட்டக்கல்லும் எடைப் பிரிவும்

(காரைக்குடியில் ஒரு விளையாட்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பயிற்சியாளர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் கோயில் வாசலிலோ மந்தையிலோ கேட்பாரற்றுக் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எடைப் பிரிவு தெரியாது. ஆறடி ஆளும் ஐந்தடி ஆளும் அதே கல்லைத்தான் தோளுக்கு ஏற்ற வேண்டும். உலக விளையாட்டுகளில் பல இந்தக் கல்லைப் போன்றவை. கூடைப்பந்து வளையம் எந்த நாட்டவருக்கும் 10 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு நாட்டின் பதக்கக் கணக்கில் பாதியை, போட்டி தொடங்கும் முன்பே விதிப்புத்தகம் எழுதிவிடுகிறது என்பது என் கருத்து.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, மூன்று எடைப் பிரிவுகளோடு, எந்த எடையினரும் மோதக்கூடிய திறந்த பிரிவு ஒன்றும் இருந்தது. எடைப் பிரிவுகள் மூன்றிலும் ஜப்பானே தங்கம் வென்றது. திறந்த பிரிவின் இறுதியிலோ, ஆறரை அடி உயரமுள்ள நெதர்லாந்து வீரர் ஆன்டன் ஹேசிங்கிடம் அகியோ கமினாகா சொந்த மண்ணிலேயே தோற்றார். ஹேசிங்க் வெறும் பருமனால் வென்றார் என்பது அநீதி. அவர் நுட்பத்தை ஜப்பானுக்கே சென்று பயின்றவர். ஆனால் நுட்பம் சமமானபின் உடல் பேசத் தொடங்கிவிடுகிறது.

சிறிய உடலுக்கும் தனி வலிமை உண்டு. தசையின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. எனவே உருவம் பெருகும்போது எடை கூடும் அளவுக்கு வலு கூடுவதில்லை. ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள துருக்கி வீரர் நயிம் சுலேமனோக்லு, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். மாரத்தானிலும் இதே பரப்பு, கன அளவுக் கணக்குத்தான், வெப்பம் வெளியேறுவது தோலின் பரப்பு வழியே அல்லவா: கல்யாண வீட்டு அண்டாவில் கொதித்த நீர் ஆற நெடுநேரமாகும், அதையே டம்ளரில் ஊற்றினால் உடனே ஆறிவிடும், மெலிந்த ஓட்டக்காரரின் உடலும் அப்படித்தான் வெப்பத்தை விரைவில் வெளியேற்றுகிறது.

2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பளுதூக்கும் பிரிவில் வென்ற வெள்ளியும், பாரிசில் அமன் செராவத் 57 கிலோ மல்யுத்தத்தில் வென்ற வெண்கலமும், விதி திறந்துவைத்த வாசல்கள் வழியே வந்தவை. அவ்வாசல்கள் அடைபடவும் கூடும். 1996-இல் ஒலிம்பிக்குக்கு வந்த எடை குறைந்த வீரர்களுக்கான துடுப்புப் படகுப் போட்டி 2024-உடன் நீக்கப்பட்டுவிட்டது.

உடலளவும் நிலையானதன்று. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியது, அத்தனை விரைவான மாற்றத்துக்குப் பரம்பரையைக் காரணமாகச் சொல்ல இயலாது, உணவும் நலவாழ்வுமே காரணம். ஆதலால், பேரேடு எழுதிப் பழகிய இந்த ஊரில் கணக்கெழுத என்னைப் பணித்தால், சத்துணவு முட்டையை விளையாட்டுச் செலவில்தான் எழுதுவேன். பயிற்சியாளர்களும் ஒரு பேரேடு தொடங்க வேண்டும்: ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் உயரம், எடை, விரித்த கைகளின் நீளம் ஆகியவற்றை ஆண்டுதோறும் அதில் குறித்துவைத்து, அதைப் பார்த்தபின் எந்த ஆட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள்.