ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

தலைவர் அவர்களே, தண்ணீர் லாரிப் பிரச்சினைக்கு நடுவிலும் நேரத்தோடு வந்துவிட்ட கவுன்சிலர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் கட்டித் தந்த தம்பிகளே, வணக்கம். மரபணுக்களைப் பாக்டீரியா எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதில் மூன்று செய்திகள்: அடக்கும் புரதம், ஊக்கும் புரதம், கண்டுபிடித்தவர்களின் கதை.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான் இருந்த காலத்தில், சந்து முனையில் ஓர் அக்கா மெஸ் நடத்தினார். மாவு தயாராக இருக்கும், கல்லும் சூடாக இருக்கும். ஆனால் சாப்பிட ஆள் வராமல் ஒரு கரண்டி ஊற்ற விடமாட்டார். ஒரு மழைநாள், மாஸ்டர் பொறுக்காமல் கரண்டியை எடுத்துவிட்டார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடணும்பா!" நாங்கள் நாலு பேர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே நுழைந்தோம். அப்போதுதான் கையை விட்டார். அன்று சாப்பிட்ட தோசையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ளும் அந்த அக்கா இருக்கிறார். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க உதவும் மரபணுக்களின் தொடக்கத்தில் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியால் மரபணுவைப் படியெடுக்க முடியாது. லாக்டோஸ் வந்ததும் அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் அடக்கியில் ஒட்டும், அதன் வடிவம் மாறும், பிடி தளரும். பாக்டீரியா முதலில் விரும்பும் குளுக்கோஸும் தீர்ந்திருந்தால் ஊக்கும் புரதம் வந்து பாலிமரேஸுக்குக் கைகொடுக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்துதான்! இதை 1961இல் விளக்கியவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜாகோப், மோனோ. 1965இல் நோபல் பெற்றார்கள். அவர்கள் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன், அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை, அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் மருந்தை எதிர்க்கும் சில பாக்டீரியாக்களிலும் இப்படியோர் அடக்கி உண்டு. மருந்து உள்ளே போய் அதில் ஒட்டினால் அது பிடியை விடும். உடனே, மருந்தையே வெளியே இறைக்கும் பம்பு புரதம் தயாராகும். நாம் விழுங்குகிற மாத்திரைதான் அங்கே சுவிட்சைப் போடுகிறது! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும் மருந்துக்கடையில் நின்று, "போன தடவை கொடுத்த அதே மாத்திரை நாலு கொடுங்க" என்கிறோம். அந்த நாலு மாத்திரையில் மருந்தை எதிர்க்கும் சக்தி இல்லாத பாக்டீரியாக்கள் சாகும், உள்ளவை பெருகும். பாக்டீரியாவே அளந்து செலவழிக்கும்போது, நாம் அளக்காமல் கொட்டலாமா? அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

ஞாயிறு காலை நம் தெருவின் மருந்துக்கடைகளுக்குப் போய்ப் பேசப்போகிறோம். வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன். வர முடிந்தவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். கவுன்சிலர் அம்மா முதல் பெயராக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.