டிபிஎஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

வணக்கம் மக்களே. அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துகொண்டே பேசுகிறேன். ஹார்ன் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பெங்களூரில் அதை மட்டும் எடிட் பண்ண முடியாது.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைக்கும் பொதுக் கணக்குப் புத்தகம். இந்த ஊரில் அதைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் முதலில் வருவது டிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை. பிட்காயின் 7, சொலானா ஆயிரக்கணக்கில், முடிந்தது ஒப்பீடு! எனக்கு அந்த எண் மேல் பெரிய மரியாதை இல்லை. அனுப்பிய பணம் இனி மாறாது என்று எப்போது சொல்லலாம்? அதைக் கேளுங்கள். இதற்குப் பெயர் ஃபைனாலிட்டி.

பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு கட்டு. பெரிய தொகை என்றால் ஆறு பிளாக் பொறுப்பது வழக்கம், ஆக ஒரு மணி நேரம். அப்போதும் நூறு சதவீத உறுதி கிடையாது. மாறுகிற வாய்ப்பு மிகமிகக் குறைவு, அவ்வளவுதான்.

எத்திரியம் என்ற இன்னொரு பிளாக்செயின், கணினிகள் மின்சாரத்தைக் கொட்டிப் போட்டி போடும் மைனிங்கை விட்டு, 2022 செப்டம்பரில் ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு, அதாவது பணத்தைப் பிணையாக வைத்து பிளாக்கைச் சரிபார்க்கும் முறைக்கு, மாறியபோது வேகம் எகிறும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். சுமார் 13 நொடிக்கு ஒரு பிளாக் வந்தது, 12 நொடியானது. அட, இவ்வளவுதானா! ஆனால் மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஏறக்குறைய 13 நிமிடத்தில் ஃபைனாலிட்டியும் கிடைக்கிறது. அதன்பிறகு ஒரு பிளாக்கைப் புரட்ட வேண்டுமென்றால், பிணையாக வைத்த மொத்த ஸ்டேக்கில் மூன்றில் ஒரு பங்காவது பறிபோகும். எனக்கு இதுதான் உண்மையான முன்னேற்றம்.

அப்புறம் பிபிஎஃப்டி. நோடுகளில், அதாவது நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகளில், சில பொய் சொன்னாலும் மற்றவை ஒரே முடிவுக்கு வர ஒரு முறை. 1999-இல் கணினி ஆய்வாளர்கள் காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் எழுதியது. நோடுகள் ஓட்டுப் போட்டு முடித்தால் உடனே ஃபைனல். சிக்கல் எங்கே என்றால், கல்யாணத் தேதி குறிக்க எல்லாச் சொந்தக்காரரும் எல்லாருக்கும் போன் போடுவது மாதிரி. 4 நோடு என்றால் ஒரு சுற்றுக்கு 12 செய்தி. 100 நோடு என்றால் 9,900. அதனால்தான் சின்னக் குழுவில் பறக்கிறது, கூட்டம் சேர்ந்தால் மூச்சு வாங்குகிறது.

இன்னொன்று, ஏதாவது கோளாறு வந்தால் என்ன ஆகும்? 2024 பிப்ரவரியில் சொலானா ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நின்றே போனது. அந்த நேரத்தில் அதன் டிபிஎஸ் பூஜ்யம். 2023 மே மாதம் எத்திரியத்துக்கும் தடுமாற்றம் வந்தது. ஃபைனாலிட்டி கொஞ்ச நேரம் தள்ளிப்போனது, ஆனால் பிளாக்குகள் வந்துகொண்டே இருந்தன. எந்த டிபிஎஸ் அட்டவணையிலும் இந்த வித்தியாசம் தெரியாது.

சரி, இங்கே பீனியா தொழிற்பேட்டையில் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொதுக் கணக்கு வைக்கப் போகிறார்கள் என்று வையுங்கள். மைனிங்கும் வேண்டாம், ஸ்டேக்கிங்கும் வேண்டாம். கம்பெனிகளுக்கான பிளாக்செயின் மென்பொருளான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் ராஃப்ட் என்ற முறை இருக்கிறது, வேகமானது, 5 நோடில் 2 விழுந்தாலும் ஓடும். ஆனால் நோடு செத்துப்போனால்தான் சமாளிக்கும், பொய் சொன்னால் சமாளிக்காது. கூட்டாளி மேல் சந்தேகம் இருந்தால் பிபிஎஃப்டி மாதிரியான பிஎஃப்டி முறைகள் பக்கம் போங்கள். அதில் ஒரு திருடனைத் தாங்க 4 நோடு வேண்டும், இரண்டு பேர் என்றால் 7.