கத்தி பழசு என்பதால் பயனெட் அசலாகிவிடாது

அனைவருக்கும் வணக்கம்.

பயனெட் என்பது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. கைத்துப்பாக்கிக்கும் பயனெட் உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. முதல் உலகப் போரின் நடுவில், 1916-இல், ராயல் பெர்க்‌ஷயர் ரெஜிமெண்டைச் சேர்ந்த கேப்டன் ஆர்தர் பிரிட்சர்ட் அப்படி ஒன்றை வடிவமைத்தார். பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் துப்பாக்கி நிறுவனம் அதைச் செய்துகொடுத்தது. முந்தைய ஆண்டுதான் வந்திருந்த வெப்லி மார்க் 6 ரிவால்வருக்கென்றே செய்தது.

அந்த ரிவால்வரில் தோட்டா ஆறுதான். இரவுத் தாக்குதலில் எதிரியின் பதுங்குகுழிக்குள் குதிக்கும் அதிகாரிக்கு, ஆறும் தீர்ந்தபின் இருட்டில் மறுபடி நிரப்ப நேரம் ஏது? எதிராளி கை நீட்டும் தூரத்தில் நிற்பான். அந்தப் பயத்திலிருந்து பிறந்த ஆயுதம் இது. கழற்றினால் தனிக் கத்தியாகவும் பயன்படும். ஆனால் பிரிட்டிஷ் ராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. விரும்பிய அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் இருநூறைத் தாண்டாது என்பதே சேகரிப்பாளர்களின் பொதுவான கணிப்பு. அப்புறம் என்ன, விலை ஏறியது, போலிகளும் கிளம்பிவிட்டன.

ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது கத்தியைப் பார்த்துத்தான். கிரீனர் புதிதாகக் கத்தி அடிக்கவில்லை. பிரெஞ்சு ராணுவத்தின் 1874-ஆம் ஆண்டு கிரா ரைஃபிளின் நீண்ட பயனெட்டை வெட்டிச் சிறிதாக்கிப் பயன்படுத்தினார்கள். முதுகு தடித்து, குறுக்கே பார்த்தால் ஆங்கில எழுத்து ‘T’ போல இருக்கும் கத்தி அது. கிரா பயனெட் இன்றும் எளிதில் கிடைக்கிறது. போலி செய்பவரும் அதையே வாங்கி வெட்டலாம். ஆகவே உண்மையிலேயே பழைய இரும்பு, உண்மையிலேயே பிரெஞ்சுக் கத்தி என்பதை வைத்து நாம் எதையும் முடிவுகட்ட முடியாது.

பிடியைப் பாருங்கள். வழக்கமாக அது கன்மெட்டல், அதாவது செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த உலோகத்தின் வார்ப்பு. அசல் பிடியிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கி, நகல் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ பங்கு சிறுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, அசலின் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னியர் காலிப்பர் பிடித்தால் தெரிந்துவிடும். பிறகு பூதக்கண்ணாடி வைத்து எழுத்துகளைப் பாருங்கள். உலோகத்தில் அடித்துப் பதித்த எழுத்துக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும், பக்கத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். வார்ப்பில் வந்த எழுத்து மழுங்கிக் கிடக்கும், உள்ளே பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும்.

உலோகத்தின் மேல் படிந்திருக்கும் களிம்பையும் கவனியுங்கள். கை பட்ட மேடுகள் தேய்ந்து, மூலைமுடுக்குகளில் அழுக்கும் பச்சையும் அப்பியிருந்தால் இயல்பு. எங்கும் ஒரே நிறத்தில் இருந்தால் ரசாயனம் பூசியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால் எக்ஸ்ரே ஒளிர்வு (XRF) சோதனை செய்துவிடுங்கள். பொருளைச் சுரண்டாமலே செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் எவ்வளவு என்று சொல்லிவிடும். கன்மெட்டல் என்று விற்றதில் வெள்ளீயமே இல்லையென்றால் அது வெறும் பித்தளை.

முடிந்தால் அசல் வெப்லி மார்க் 6 ஒன்றில் மாட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் கொக்கி பிடித்தபின் ஆடக் கூடாது. ஆனாலும் சரியாகப் பொருந்துவதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். நல்ல நகலும் பொருந்தும்.

‘எங்கள் தாத்தா போரில் வைத்திருந்தார்’ என்று விற்பவர் சொன்னால், தாத்தாவின் பெயர், ரெஜிமெண்ட், அந்தக் காலத்துக் கடிதமோ புகைப்படமோ கேளுங்கள். காகிதம் இல்லாத கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது நகல் என்று தெரிந்துவிட்டால், பிடியின் உள்பக்கத்தில் ‘நகல்’ என்று அழியாதபடி பொறித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.