ஏழு சீர், எட்டுத் தட்டு: ஒரு கும்மியைப் பிரிச்சுப் பார்ப்போம்

(காட்சி: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திடல். பின்னால் செம்பனை.)

வணக்கம். யாப்பு, அதாவது பாட்டு கட்டுற இலக்கணம்னு சொன்னாலே படிவம் ஐந்து பிள்ளைங்க முகம் சுருங்குது. தேமா, புளிமான்னு வாய்பாட்டை மனப்பாடம் பண்ண வச்சா வேற என்ன ஆகும்? இன்னிக்குக் கை இருந்தா போதும்.

(திரையில்:)
மங்கு நிரம்பி வழியுது பாலடி
மாரியம்மன் முன்னே கும்மியடி
பொங்கல் பிறந்தது போனசும் வந்தது
போதாது போதாது கும்மியடி

இது நான் கட்டினது. மெட்டு மட்டும் இந்தத் திடல்ல சுத்தி வந்த பாட்டிமாரோடது. மங்குன்னா பால்மரத்துல, அதாவது ரப்பர் மரத்துல, கட்டுற கிண்ணம். நம்ம வீட்டுச் சின்னதுங்களுக்கு அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கு.

திரையில நாலு வரி தெரியுது, ஆனா அடி ரெண்டுதான். தட்டிப் பாருங்க.

(கைத்தட்டல்)

மங்கு, நிரம்பி, வழியுது, பாலடி, மாரியம், மன்முன்னே, கும்மிய... டீ!

இந்தத் துண்டு ஒவ்வொன்னும் ஒரு சீர். தாள்ல எண்ணினா ஏழு சீர். கையில எட்டுத் தட்டு. கடைசி 'டி' நீண்டு எட்டாவதை எடுத்துக்குது. 'மாரியம்மன்' ரெண்டா உடைஞ்சதைக் கவனிச்சீங்களா? சொல் முடியுற இடத்துலதான் சீரும் முடியணும்னு இல்ல.

எதுகை, ரெண்டாம் எழுத்து: மங்கு, பொங்கல். கடைசி ஒன்னா முடியுற இயைபு கும்மியடியிலேயே இருக்கு. எனக்குப் பிடிச்சது மோனைதான், முதல் எழுத்து ஒத்து வர்றது. முதல் சீர் 'மங்கு', அஞ்சாம் சீர் 'மாரியம்'. அடுத்த அடியில 'பொங்கல்', 'போதாது'. நாலு தட்டு முடிஞ்சு மறுபாதி தொடங்குற இடம் அது. வட்டத்துல பின்தங்கினவங்களையும் அந்த ஓசை இழுத்துக்கும்.

தளையையும் தொட்டுடுவோம், ஒரு சீர் முடியுறதும் அடுத்தது தொடங்குறதும் சேருற விதம் அது. சீரோட துண்டு அசை: 'மங்' மாதிரி ஒன்னா நின்னா நேர், 'நிரம்' மாதிரி குறிலோட இன்னொரு எழுத்து சேர்ந்தா நிரை. 'மங்கு' மாச்சீர் (ரெண்டு அசை, நேர்ல முடியுறது), அடுத்த 'நிரம்பி' நிரையில தொடங்குது. 'வழியுது' விளச்சீர் (ரெண்டு அசை, நிரையில முடியுறது), 'பாலடி' நேர்ல தொடங்குது. மாமுன் நிரை, விளமுன் நேர். கடைசிவரைக்கும் வெண்டளைதான், திருக்குறள்ல ஓடுற அதே தளை. படிக்காத பாட்டிங்க இதைத் தவறாமப் பாடினாங்க. இலக்கணம் பின்னாடி வந்து பேர் வச்சது, அவ்வளவுதான்.

இப்ப 'போதாது போதாது'. அதுவரைக்கும் துள்ளிக்கிட்டு வந்த அடி, ரெண்டு காய்ச்சீர்ல (மூணு அசை, நேர்ல முடியுறது) கனத்துப் போகுது. முறையீடு அங்கதான் இருக்கு. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) காதுல விழுறதுக்குள்ள 'கும்மியடி' வந்து மூடிடும்.

ஒரு சோதனை. ரெண்டு 'போதாது'வையும் எடுத்துட்டு 'போதவில்லை'ன்னு ஒன்னை மட்டும் போட்டுத் தட்டுங்க. பொருள் அதேதான். ஆனா ஆறாவது தட்டுல வாயில சொல் இருக்காது, கை மட்டும் காத்துல நிக்கும்.