நரகம் என்ற சொல் யாரிடம் சொல்லப்பட்டது?

அன்பானவர்களுக்கு வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற கேள்வி இது: தேவன் அன்பாகவே இருக்கிறார் என்றால், தம்மை விசுவாசியாதவர்களை நரகத்தில் தள்ளி என்றென்றைக்கும் வதைப்பாரா?

இதை வாதத்துக்காகக் கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வந்து, இரவெல்லாம் தூங்காமல் கேட்கிற மகளும் உண்டு. நான் இன்று சொல்வது அந்த மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்கதாக இருக்கவேண்டும். அப்படிச் சொல்ல முடியாத பதிலை மேடையிலும் சொல்லக்கூடாது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பிரசங்கங்களில் நடக்கிற பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. நாம் 'நரகம்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிற இடத்தில் வேதாகமத்தின் மூல மொழிகளில் நான்கு சொற்கள் இருக்கின்றன. எபிரெயத்தில் சேயோல், பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 65 முறை வருகிறது. இது இறந்தவர்கள் எல்லாரும் போகிற இடம். யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, "நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்" என்று அழுதது இந்தச் சொல்லை வைத்துத்தான். நரகத்துக்குப் போவேன் என்றா அந்தக் கிழவர் அழுதார்? கிரேக்கத்தில் இதற்கு இணையான சொல் ஆதேஸ்; நம் பழைய திருப்புதல் இதையும் பாதாளம் என்றே சொல்கிறது. தார்த்தரு என்ற சொல்லின் வினைவடிவம் 2 பேதுரு 2:4இல் ஒரே ஒருமுறை வருகிறது. அது பாவம்செய்த தூதர்களைப் பற்றியது, மனிதரைப் பற்றியதல்ல.

மீதி இருப்பது கெகென்னா. தமிழில் 'நரகம்', 'எரிநரகம்' என்று படிப்பது பெரும்பாலும் இதைத்தான். இது எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற ஒரு பள்ளத்தாக்கின் பெயர்: இன்னோமின் பள்ளத்தாக்கு. ஆகாஸ், மனாசே என்ற யூதா ராஜாக்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே தீயில் பலியிட்டார்கள். யோசியா அந்த இடத்தைத் தீட்டாக்கினான். "இது என் மனதில் தோன்றவுமில்லை" என்று எரேமியாவின் வாயிலாகக் கர்த்தர் சொன்னது இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளை எரித்ததைக் குறித்துத்தான் (எரே. 7:31). பிள்ளைகளைத் தீயிலிடுவது தம் மனதில் தோன்றவே இல்லை என்கிறவரைப் பற்றித்தான் நாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கெகென்னா என்பது இயேசுவின் காலத்தில் நகரத்துக் குப்பை எரிகிற இடமாக இருந்தது என்று எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அந்தக் குப்பைமேட்டுச் செய்தி நமக்குத் தெளிவாகக் கிடைப்பது கி.பி. 1200ஐ ஒட்டி வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியரிடம்தான். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. அதை உறுதியான சரித்திரமாகச் சொல்லாதிருப்பது நல்லது. எரேமியா சொல்வதே போதும்.

கெகென்னா புதிய ஏற்பாட்டில் மொத்தம் 12 முறை. மத்தேயுவில் 7, மாற்குவில் 3, லூக்காவில் 1, யாக்கோபின் நிருபத்தில் 1. யோவான் சுவிசேஷத்தில் இல்லை. பவுலின் பெயரால் உள்ள நிருபங்கள் எதிலும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில், புறஜாதியாருக்கு முதன்முதலாகச் சுவிசேஷம் சொன்ன அத்தனை பிரசங்கங்களிலும் ஒருமுறைகூட இல்லை. பவுல் அத்தேனே பட்டணத்தில், விக்கிரகங்கள் நிறைந்த ஊரின் நடுவே நின்று பேசுகிறார். நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் "அறியாமையுள்ள காலங்களை தேவன் காணாதவர்போலிருந்தார்" என்கிறார். நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை.

அப்படியானால் அந்தப் பன்னிரண்டு இடங்களிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? இன்று வீட்டுக்குப் போய் நீங்களே எடுத்துப் பாருங்கள். மத்தேயு 5இல் மூன்று இடங்கள்: மலைப்பிரசங்கம், சீஷருக்கு. சகோதரனை மூடனே என்று திட்டுகிறவனைப் பற்றியது அதில் ஒன்று. 10:28 பன்னிருவருக்கு. 18:9 சீஷருக்கு. 23ஆம் அதிகாரத்தின் இரண்டு இடங்களும் வேதபாரகர், பரிசேயருக்கு. மாற்கு 9இல் மூன்றும் சீஷருக்கு. லூக்கா 12இல், "என் சிநேகிதராகிய உங்களுக்கு" என்று அன்போடு அழைத்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறார். யாக்கோபு எழுதுவது சபைக்குள் இருக்கிறவர்களின் நாக்கைப் பற்றி. பன்னிரண்டில் ஒன்றுகூட அவிசுவாசியான புறஜாதியானைப் பார்த்துச் சொல்லப்படவில்லை!

வேறு படிமங்களை எடுத்தாலும் இதே கதைதான். 'புறம்பான இருள்' என்ற பயங்கரமான சொல் முதலில் வருவது மத்தேயு 8இல். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவன் எதிரே நிற்கிறான். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து பந்தியிருப்பார்கள், ராஜ்யத்தின் புத்திரரோ புறம்பான இருளிலே தள்ளப்படுவார்கள் என்கிறார் இயேசு. வெளியாள் உள்ளே, உள்ளாள் வெளியே. பாதாளத்தில் வேதனைப்பட்ட ஐசுவரியவான் ஆபிரகாமைத் 'தகப்பனே' என்று கூப்பிடுகிறவன். அவன் வாசலில் கிடந்த லாசருவைக் கண்டுகொள்ளவில்லை என்பதைத் தவிர அவிசுவாசம் என்ற குற்றம் அவன்மேல் சாட்டப்படவே இல்லை. செம்மறியாடு, வெள்ளாடு நியாயத்தீர்ப்பில் ராஜா கேட்கிறவை பசி, தாகம், அந்நியன், வஸ்திரம், வியாதி, காவல் என்ற ஆறு காரியங்கள். ஆறிலும் விசுவாச அறிக்கை இல்லை.

மாறான வசனங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. அவற்றை மறைக்கக்கூடாது. வெளிப்படுத்தல் 21:8 அக்கினிக்கடலுக்குரியவர்களில் 'அவிசுவாசிகள்' என்று சொல்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறவர்கள் பயப்படுகிறவர்கள். அது உபத்திரவத்தில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதிய புத்தகம். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு உண்மையில்லாதவன், கைவிட்டு ஓடுகிறவன் என்ற பொருளும் உண்டு. 2 தெசலோனிக்கேயர் 1 சபையைத் துன்புறுத்தியவர்களைப் பற்றியது. "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்" என்ற மாற்கு 16:16 அமைந்திருக்கிற கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. யோவான் 3:18 கனமான வசனம். அதை அடுத்த வசனத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். ஒளி வந்திருந்தும் மனுஷர் இருளை விரும்புகிறதே ஆக்கினைத்தீர்ப்புக்குக் காரணம் என்று அதுவே விளக்கம் சொல்கிறது. ஒளி வராத இடத்தில் இருந்தவனை அந்த வசனத்தால் தீர்க்க முடியாது. லூக்கா 12:47-48இல் எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடிகள், அறியாதவனுக்குச் சில அடிகள் என்று கணக்கே வேறாகிறது.

இந்த வித்தியாசத்தைச் சபை எப்போது தொலைத்தது, எப்படித் திரும்பக் கண்டுபிடித்தது என்பது சரித்திரம். 1442இல் கத்தோலிக்க சபையின் புளோரன்ஸ் சங்கத்தின் ஆணை, சபைக்கு வெளியே இருக்கிற புறமதத்தாரும் யூதரும் சாவதற்குமுன் சபையில் சேராவிட்டால் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று எழுதியது. அதை எழுதியவர்கள் மனதில், சுவிசேஷம் உலகமெங்கும் எட்டிவிட்டது, கேட்காதவர் அரிது என்ற எண்ணம் இருந்தது. ஐம்பதே ஆண்டுகளில், 1492இல், அந்த எண்ணம் உடைந்தது. கடலுக்கு அப்பால் ஒரு கண்டம் முழுக்க மக்கள். இயேசுவின் பெயரையே கேட்டிராதவர்கள்.

பிரான்சிஸ் சவேரியார் இந்த இடத்தில்தான் சிக்கினார். நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் ஊர் ஊராய் நடந்த அதே சவேரியார். 1549இல் ஜப்பானுக்குப் போனார். திரும்பிவந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களின் துக்கத்தைச் சொல்கிறார். இறந்துபோன எங்கள் தாய் தகப்பனுக்காக ஜெபித்தால், தர்மம் செய்தால் அவர்களை மீட்க முடியாதா என்று கேட்டார்கள். முடியாது என்றார் இவர். அவர்கள் அழுதார்கள், அது தமக்கும் வேதனையாக இருந்தது என்று அவரே எழுதுகிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. யமகுச்சி ஊரார், உங்கள் தேவன் நல்லவரானால் இத்தனை காலம் ஏன் எங்களுக்குத் தம்மைச் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். சீனாவிலிருந்து சட்டங்கள் வருமுன்னே கொலையும் களவும் தீமை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதை உங்கள் உள்ளத்தில் எழுதியவர் தேவன்தான் என்கிறார் சவேரியார். ரோமர் 2:14-15இன் போதனை இது. இந்தப் பதிலை அந்த அழுகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால்? உள்ளத்தில் எழுதப்பட்டதற்கு உண்மையாய் நடந்த ஒரு ஜப்பானியத் தாயை எதற்காக நரகத்தில் வைக்கவேண்டும்? சாவி அவர் கையிலேயே இருந்தது. அவர் காலத்து இறையியல் அதைத் திருப்ப விடவில்லை. அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணீருக்கு அவசியம் இருந்ததில்லை.

1863இல் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ், தம் குற்றமின்றி அறியாமையில் இருந்து, உள்ளத்தில் எழுதப்பட்ட நெறியைக் காத்து வாழ்கிறவர்கள் நித்திய ஜீவனை அடையக்கூடும் என்று எழுதினார். 1949இல், அமெரிக்காவில் பீனி என்ற குரு, கத்தோலிக்கர் தவிர யாருக்கும் இரட்சிப்பில்லை என்று பிடிவாதமாய்ப் போதித்தபோது, ரோமாபுரியே அவரைத் தவறென்று கடிதம் எழுதியது. 1953இல் அவர் சபைநீக்கம் செய்யப்பட்டார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைச் சபையின் போதனையாகவே வைத்தது.

சரி, கேட்காதவர்கள் விஷயம் ஓரளவு தெளிவாகிறது. கேட்டு, புரிந்து, தள்ளிவிட்டவன்? அவனுக்கு நித்திய ஆக்கினை அன்போடு பொருந்துமா? இங்கேதான் உண்மையான சிக்கல்.

மூன்று வாக்கியங்களைப் பக்கத்தில் வையுங்கள். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவேண்டும் என்பது தேவசித்தம். தேவன் தம் சித்தத்தை நிறைவேற்றுகிறவர். சிலர் என்றென்றைக்கும் இழந்துபோவார்கள். மூன்றும் சேர்ந்து நிற்காது. ஏதாவது ஒன்றைத் தளர்த்தியே ஆகவேண்டும். ஆதிச் சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் முதலாவதைத் தளர்த்தினார்: 1 தீமோத்தேயு 2:4இல் 'எல்லா மனுஷரும்' என்றால் எல்லா வகை மனுஷரும் என்றார். சீர்திருத்தவாதி கால்வினின் வழியினர் அதே பாதையில் நின்றார்கள். மனிதனின் சுயாதீனத்தை முன்வைக்கிறவர்கள் இரண்டாவதைத் தளர்த்துகிறார்கள்: அன்பைக் கட்டாயப்படுத்திப் பெற முடியாது. மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகேனும் நான்காம் நூற்றாண்டின் நீசா கிரகோரியும் மூன்றாவதை விட்டார்கள்: தண்டனை சுத்திகரிப்பு, அதற்கு முடிவு உண்டு. ஒரிகேனின் போதனை 553இல் சபைச் சங்கம் கண்டித்தவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது. கிரகோரியோ இன்றும் பரிசுத்தவானாகவே போற்றப்படுகிறார்.

மத்தேயு 25:46இல் 'நித்திய ஆக்கினை', 'நித்திய ஜீவன்' இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டே என்பது அகுஸ்தீனின் வாதம். பலமான வாதம்தான். ஆனால் 'ஆக்கினை' என்று நாம் படிக்கிற கிரேக்கச் சொல் கொலாசிஸ். தண்டனைக்கு உள்ளாகிறவனின் நன்மைக்காகச் செய்வது கொலாசிஸ், தண்டிக்கிறவனின் மனம் ஆறுவதற்காகச் செய்வது திமோரியா என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். இயேசுவின் காலத்துக்குள் அந்த வித்தியாசம் மங்கியிருந்தது என்பதால் இதை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. இதே சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில் மட்டும் வருகிறது. எங்கே தெரியுமா? 1 யோவான் 4:18. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும், பயமானது வேதனையுள்ளது." அந்த 'வேதனை'தான் கொலாசிஸ்.

'நித்திய' என்பதிலும் அவசரம் வேண்டாம். யூதா 7ஆம் வசனம் சோதோம் நித்திய அக்கினியின் ஆக்கினையை அடைந்தது என்கிறது. எசேக்கியேல் 16:55, சோதோம் தன் முந்தின சீருக்குத் திரும்பும் என்கிறது. இரண்டும் ஒரே வேதாகமத்தில் இருக்கின்றன.

நம் மொழியும் இதில் ஒரு வேலை செய்திருக்கிறது. 'நரகம்' என்ற சொல் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் இங்கே அது வினை தீரும்வரை இருந்து வெளியேறுகிற இடம். சைவ சித்தாந்தம் இறைவனின் தண்டனையை மறக்கருணை என்றே அழைக்கிறது: பிள்ளையை அடிக்கிற தகப்பன் கையிலும் இருப்பது பரிவுதான் என்பது அதன் விளக்கம். அந்தச் சொல்லை எடுத்து 'நித்திய' என்பதோடு சேர்த்துக் கேட்டபோது, தமிழர் காதில் அது எவ்வளவு கொடூரமாக விழுந்திருக்கும் என்று யோசியுங்கள்.

என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். நரகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்பை அறிந்தே தள்ளுகிற சுயாதீனம் மனிதனுக்கு உண்டு. அதை முடிவுவரை தள்ளினால் அதுவே நரகம். ஏழாம் நூற்றாண்டில் சீரியாக் மொழியில் எழுதிய நினிவே ஈசாக்கு, கெகென்னாவில் இருக்கிறவர்களை வாதிப்பது அன்பின் சாட்டை என்றார். தேவன் அங்கே அன்புகூருவதை நிறுத்திவிட்டார் என்று நினைப்பது தவறு என்றார். நான் அங்கேதான் நிற்கிறேன். கிரகோரியைப்போல, எல்லாரும் நிச்சயமாய் மீள்வார்கள் என்று அறிவிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இன்னார் அங்கே இருக்கிறார் என்று சொல்ல எந்தப் பிரசங்கிக்கும் அதிகாரம் இல்லை.

ஆகவே போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நரகத்தைப் பற்றிய வசனத்தைப் பிரசங்கிக்குமுன் மூலத்தில் நான்கில் எந்தச் சொல் என்று பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பாருங்கள். என்ன குற்றத்துக்காகச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இந்த மூன்றையும் பார்த்தபிறகு, அந்த வசனத்தின் முனை பெரும்பாலும் உங்கள் சபையை நோக்கியே திரும்பியிருக்கும். தெருவில் போகிறவரை நோக்கி இருக்காது.

அடக்க வீட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 'அவர் எங்கே இருக்கிறார்?' என்று அந்த மகள் கேட்டால் ஆதியாகமம் 18ஐத் திறந்து வாசியுங்கள். ஆபிரகாம் தேவனுக்கு முன்பாக நின்று, தன் ஜனமல்லாத சோதோமுக்காக வழக்காடுகிறான். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" என்று கேட்கிறான். ஐம்பது பேர் என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று இறங்குகிறான். ஆறு தடவையும் கர்த்தர் சம்மதிக்கிறார். பத்தோடு கேட்பதை நிறுத்தியவன் ஆபிரகாம்.